முதல் காராக மலையேறிய அக்காவுக்கு

மலைத் தேசியப் பூங்காவின் சாலைநிலை ஆய்வாளராய் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் அம்மையாருக்கு, கீழ்வாயில் ஊழியர்கள் பதினொருவரும் மனமொத்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

வளைவுகளின் வஞ்சகம் அறிந்தவரே! பனியின் பாசாங்கைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்தவரே! மழையோடு மல்லுக்கு நின்று, மண்சரிவோடு வழக்காடி, மூடுபனியை முகத்துக்கு நேரே முறைத்து, முப்பத்தொரு ஆண்டுகள் இம்மலைச் சாலையின் முதற்பயணியாய் முன்சென்றவரே! வைதவர் முன் வாடாதவரே, வாழ்த்தியவர் முன் வளையாதவரே! உறுதியின் உறைவிடமே, ஒழுங்கின் திருவுருவே, ஊழியர் அனைவருக்கும் மூத்தவராய் வாய்த்த எங்கள் அக்கா! வணக்கம்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, தொலைபேசி அறையில் பேனாவை மூடிவைத்து ஒரு குவளை தண்ணீர் குடித்தேன். "நல்லா அடுக்கி எழுதுப்பா, சட்டம் போட்டு மாட்டப்போறோம்" என்று பனி தள்ளும் வண்டியின் ஓட்டுநரான ஆனை அண்ணன் கட்டளையிட்டுப் போயிருந்தார். அடுக்கத் தெரியாதவனல்லன் நான். ஆனால் அக்கா, அடுக்குமொழிக்கு மயங்குகிறவரா நீங்கள்? வாயிற்பலகையில் "சாலை சிறப்பாக உள்ளது" என்று நான் எழுதிய அன்று, "சிறப்புன்னா என்னப்பா? மெழுகித் தொடச்சு வச்சிருக்காங்களா?" என்று கேட்டு அதைச் சட்டைக் கையாலேயே துடைத்தவர் அல்லவா! எனவே இம்மடலில் பாராட்டை அளந்து வைக்கிறோம், உண்மையை அள்ளி வைக்கிறோம்.

சென்ற வாரம் உங்கள் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தீர்கள். கைவிளக்கு, பனி சுரண்டும் தகடு, விரல் கிழிந்த கையுறை என ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து, "சரி, ஒண்ணாம் தேதி காலைல யார் போறாங்க?" என்று கேட்டீர்கள். நாங்கள் அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்தோம். நீங்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை. அதில் ஏற்கனவே ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. மலைமேல் நான்கு இடங்களில் கருவிகள் பொருத்தியாயிற்று. அவை காட்டும் வெப்பமும் ஈரமும் சரியாக இருந்தால் நாளை முதல் வாயில் காலை ஏழு மணிக்குத் தானாகத் திறக்கும். சாலைநிலை ஆய்வாளர் என்னும் பணியிடம் இன்றோடு நீக்கப்படுகிறது என்று அது சொல்கிறது. இம்மடல் உங்களுக்கு நன்றி சொல்ல எழுதப்பட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும் எழுதப்பட்டது.

இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறோம். கீழ்வாயிலிலிருந்து கணவாய் உச்சிவரை இருபத்தாறு கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் முப்பத்து நான்கு. ஏறவும் இறங்கவும் அந்த ஒரே சாலை. அதன் வாயிற்பூட்டின் சாவி அக்காவின் இடுப்பில்தான் தொங்கும். ஆகவே முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பூட்டு அக்கா' என்று பெயர். பெயர் வைத்தவர் இன்று மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்தபடி இருக்கிறார். உடம்புதான் ஆனை உடம்பு, ஒளிக்க இடமில்லை.

விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டவரே! இலாகா உங்களுக்கென ஒரு ஜீப் தந்திருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும், ஆணி பதித்த டயர், உள்ளே சூடான காற்று. அதன் சாவியை நீங்கள் தொட்டதேயில்லை. உங்கள் சொந்தச் சின்னக் காரில்தான் ஏறினீர்கள். ஏன் இந்தப் பிடிவாதம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன். "ஜீப்புக்கு எல்லா ரோடும் நல்ல ரோடுதான். வர்றவங்க ஜீப்லயா வர்றாங்க? பிள்ளைகுட்டியோட சின்னக் கார்ல வர்றாங்க. அந்தக் காரு என்ன சொல்லுதுன்னுதான எனக்குத் தெரியணும்" என்றீர்கள்.

சின்னக் கார் மட்டும் போதாதென்று, ஒரு குடும்பத்தின் எடைக்கு மூன்று மணல் மூட்டைகளையும் ஏற்றிக்கொள்வீர்கள். முன்சீட்டில் ஒன்று, பின்சீட்டில் இரண்டு, மூன்றுக்கும் பெல்ட். முன்சீட்டு மூட்டைக்கு மாமியார் என்று பெயர் வைத்ததும் நீங்களே. "எந்த வளைவுலயும் அசைய மாட்டாங்க, ஆனா முகம் மட்டும் தூக்கியே இருக்கும்" என்பீர்கள். மேட்டின் நடுவில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்ப்பீர்கள். பயந்த ஓட்டுநர் எங்கே பிரேக்கை அழுத்துவாரோ அங்கே அழுத்திப் பார்ப்பீர்கள். படம் பிடிக்க நிறுத்துகிறவர் எந்த ஓரத்தில் ஒதுங்குவாரோ அந்த ஓரத்தில் ஒதுங்கி, இறங்கி, மண்ணை மிதித்துப் பார்ப்பீர்கள். ஏறி இறங்கி வந்து சாக்பீஸ் எடுத்துப் பலகையில் எழுதி, 'சாலையைக் கண்டவர்' என்னும் இடத்தில் கையொப்பமிட்ட பிறகே பூட்டுத் திறக்கும். அதற்கு முன் ஆண்டவனே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பலகையில் நீங்கள் எழுதிய தமிழுக்கு ஈடான தமிழை எந்தக் கவியரங்கிலும் கேட்டதில்லை. நல்லது, கெட்டது என்று எழுத மாட்டீர்கள். "ஒன்பதாம் கிலோமீட்டரில் இடப்பக்கம் நீர் ஓடுகிறது, அதற்கு முன்பே மெதுவாகுங்கள், அதன்மேல் பிரேக் மிதிக்காதீர்கள்." "இறங்கும்போது இரண்டாம் கியர். மறந்துவிட்டால் பிரேக் வாசனை வந்து நினைவூட்டும். அப்போது நிறுத்தி ஆற விடுங்கள்." தொலைபேசியில் கேட்பவர்களுக்கு இவற்றை வாசிப்பதே என் வேலை. எதிர்முனையில் பேனா கீறும் சத்தம் கேட்கும்.

இனி வாசிக்கப்போவது இத்தகைய மடல்களில் எழுதப்படாத பகுதி. எழுத வேண்டாம் என்று இருவர் சொன்னார்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்று ஒன்பது பேர் சொன்னோம். இம்மடலின் அடியில் கையொப்பமிடும் பதினொருவருள் நால்வர் பிற்பாடு பணியில் சேர்ந்தவர்கள். எஞ்சிய எழுவரும், அக்கா, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் உங்களைப் பற்றி இன்னொரு தாளிலும் கையொப்பமிட்டோம்.

அது நீண்ட விடுமுறை வாரம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சாலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. நீங்கள் இறங்கி வந்து பூட்டைத் திறக்காமல் நின்றீர்கள். பதினேழாம் கிலோமீட்டரில் மலையைத் தாங்கும் சுவரின் அடியில் நீர் வடிய ஐந்து துளைகள் உண்டு. ஆண்டு முழுக்கச் சொட்டுகிறவை. அன்று அவற்றில் நான்கு காய்ந்திருந்தன. "மேல ஊத்து ஓடிட்டேதான் இருக்கு. கீழ தண்ணி வரல. அப்ப நடுவுல எங்க நிக்குது?" என்று கேட்டீர்கள். எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் மனமில்லை. வாயிலுக்கு வெளியே இருநூற்றுச் சொச்சம் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "வெயில் அடிக்குது, ரோடு காயுது, இந்தம்மாவுக்கு என்ன கேடு?" என்று ஒருவர் என் ஜன்னலைத் தட்டினார். நான்கு நாள் பூட்டினீர்கள். நான்கு நாளும் வசவு வாங்கியது நாங்கள்.

மூன்றாம் நாள் எழுவரும் சேர்ந்து அப்போதைய இயக்குநருக்கு விண்ணப்பம் கொடுத்தோம். "பயணிகளுக்குப் பாரமாகவும் பணியாளர்களுக்குப் பகையாகவும் விளங்கும் இவரை வேறு பணிக்கு மாற்றியருள வேண்டுகிறோம்" என்று எழுதினோம். எழுதியது இதே கை. அதிலும் மோனை இருந்தது.

நான்காம் நாள் சுவரின் பின்புறம் தோண்டியபோது, அடைத்துக் கிடந்த வடிகால் உடைந்து ஒரு பகல் முழுக்கச் சேற்று நீர் கொட்டியது. பூட்டு அக்கா சொன்னதே சரி என்று முடித்திருந்தால் கதைக்கு அழகாக இருக்கும். அப்படி முடியவில்லை. சுவர் விழவில்லை, ஒரு கல்கூட நகரவில்லை. விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தார். விழாத சுவருக்குச் சாட்சி ஏது? எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நீங்கள் நுழைவுச்சீட்டு முகப்புக்கு மாற்றப்பட்டீர்கள். பல ஆண்டு கழித்து, "அக்கா, அன்னிக்கு நிஜமா விழுந்திருக்குமா?" என்று ஆனை அண்ணன் உங்களிடம் கேட்டார். "தெரியலையே. தெரியாததுனாலதான் பூட்டினேன்" என்றீர்கள்.

நீங்கள் முகப்பில் சீட்டுக் கிழித்த பதினொரு மாதங்களும் சாலையை நாங்கள் பார்த்தோம். சோம்பேறிகளாக இருந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாள் தவறாமல் ஏறினோம், முழுத் தூரமும் ஏறினோம். ஆனால் ஜீப்பில் ஏறினோம். ஒரு குளிர்காலக் காலை, வெயிலே எட்டிப் பார்க்காத பதினான்காம் கிலோமீட்டர் வளைவில், பாறையிலிருந்து கசிந்த நீர் கண்ணுக்குத் தெரியாத பனியாய் உறைந்திருந்தது. ஜீப் அதன்மேல் ஏறியும் போனது, இறங்கியும் வந்தது, ஒன்றையும் உணரவில்லை. "சாலை உலர்ந்துள்ளது" என்று நான் பலகையில் எழுதினேன். நாங்கள் பொய் சொல்லவில்லை. ஜீப் சொன்னதைச் சொன்னோம்.

வாயில் திறந்த அரைமணியில் ஒரு சின்னக் கார் அந்த வளைவில் சுழன்று, பின்சக்கரம் விளிம்புக்கு வெளியே தொங்க, தடுப்புக் கம்பத்தில் சாய்ந்து நின்றது. தந்தை, தாய், பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். தாய்க்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நால்வரும் உயிர் பிழைத்தது எங்கள் திறமையால் அல்ல, அந்தக் கம்பத்தால். கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தந்தை என் பக்கத்தில் வந்து நின்றார். "போர்டுல காஞ்சிருக்குன்னு போட்டிருந்துச்சே சார்... அத நம்பித்தான வந்தோம்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். தான்தான் சரியாகப் படிக்கவில்லையோ என்பதுபோல. அந்தக் கேள்வியோடு எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இன்றும் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் எழுவரும் ஒத்திகை பார்த்த மன்னிப்போடு உங்கள் முகப்புக்கு வந்தோம். "வரிசைல வாங்க" என்றீர்கள். வந்தோம். மன்னிப்பைக் கேட்க நீங்கள் காத்திருக்கவில்லை. "கார்ல எத்தனை பேர்? எந்தச் சக்கரம் முதல்ல வழுக்குச்சு? பிள்ளைங்க பெல்ட் போட்டிருந்துச்சா?" என்று மூன்று கேள்வி கேட்டீர்கள். மூன்றில் இரண்டுக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் ஐந்தரைக்கு உங்கள் கார் கீழ்வாயிலில் நின்றது. உங்களைத் திரும்ப நியமிக்கும் உத்தரவு வந்து சேர்ந்தது அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து!

அந்த விண்ணப்பத்தின் நகல் உங்கள் கோப்பில் இருந்தது. ஏழு கையொப்பங்களும் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பேசாமல் விட்டதோடும் நிற்கவில்லை. "நீங்க வாங்க, ரெண்டு மூட்டைய எறக்கிடலாம்" என்று ஆனை அண்ணனைப் பின்சீட்டில் ஏற்றினீர்கள். பிறகு வாரத்துக்கு ஒருவராக எங்களையே ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் கண்ணை மூடி அமர்ந்துகொண்டீர்கள். "இப்ப என்ன தெரிஞ்சுது?" என்பீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால், "திருப்பு, இன்னொரு தடவை வா" என்பீர்கள். நான் அந்த வளைவில் ஒரே காலையில் ஐந்து முறை ஏறியிருக்கிறேன். ஐந்தாம் முறைதான் ஸ்டியரிங் லேசாகிப்போனது கைக்குத் தெரிந்தது. பொறுமையின் பெருநிலமே என்று உங்களை இவ்விடத்தில் விளித்திருப்பேன். அன்று நீங்கள் திட்டிய திட்டு இன்னும் காதில் இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

குறையே இல்லாதவர் என்று பாடினால் உங்கள் கணவர் எழுந்து நின்று மறுப்பார். முன்வரிசையில் இருக்கும் அந்தத் தையற்காரர் எங்களிடம் சொன்னது இது: "வீட்டுலயும் அதே கதைதாங்க. நான் குளிச்சிட்டு வந்தா பாத்ரூம் வாசல்ல ஒரு அட்டை வச்சிருப்பா. ஈரம், மெதுவாகச் செல்லவும்." சமதரையில் நீங்கள் ஓட்டும் வேகத்துக்கு உங்கள் பின்னால் ஆமைகூட ஹாரன் அடிக்கும் என்று எங்கள் மெக்கானிக் சொல்கிறார். இரண்டையும் நாங்கள் மறுக்கவில்லை.

இனி, மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு. வந்து மூன்று மாதமே ஆன தாங்கள் நல்லவர். எங்கள் ஓய்வறைக்குக் கணப்பு வாங்கித் தந்தவர். தங்களைச் சங்கடப்படுத்துவது எங்கள் நோக்கமன்று. கருவிகள் மீதும் எங்களுக்குப் பகையில்லை, அக்காவுக்கும் இல்லை. பொருத்த வந்தவர்களுக்கு நிழல் வளைவுகளைக் காட்டிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் அவர் அப்போது சொன்னதையும் தாங்கள் கேட்க வேண்டும்: "கருவி நல்லதுதான். அது நிக்கிற இடத்தப் பத்திச் சரியாச் சொல்லும். மிச்சம் இருபத்தாறு கிலோமீட்டர யார் சொல்றது?"

சுற்றறிக்கை பணியிடத்தை நீக்கியது, ஆய்வாளரை நீக்கியது, ஐந்தரை மணியை நீக்கியது. பலகையில் உள்ள 'சாலையைக் கண்டவர்' என்னும் வரியை நீக்க மறந்துவிட்டது. நாங்கள் மறக்கவில்லை. அந்த வரி இருக்கும்வரை அங்கே ஒரு மனிதர் கையொப்பமிட்டாக வேண்டும். கையொப்பமிடுகிறவர் கண்டிருக்க வேண்டும். நாளை ஒரு புது உத்தரவால் அந்த வரியை அழித்தாலும் நாங்கள் மறுபடி சாக்பீஸால் எழுதுவோம். எங்கள் வழக்கமான வேலை நேரத்துக்கு முன்பாக, எங்கள் சொந்தச் சின்னக் கார்களில், முறைவைத்து ஏறுவோம். கருவி சரி என்று சொன்ன நாளிலும் ஏறுவோம். வெயில் அடித்தாலும் ஏறுவோம். யாரும் ஓட்டிப் பார்க்காத நாளில் இந்த வாயில் திறக்காது. இது வேண்டுகோள் அன்று, தெரிவிப்பு. தண்டனை வந்தால் பதினொருவருக்கும் சேர்ந்தே வரட்டும். நுழைவுச்சீட்டு முகப்பில் நெருக்கி நின்றால் இடமிருக்கும்.

அக்கா! சாலையின் சான்றே, சலியாத சக்கரமே! நூறாண்டு வாழ்க என்று எல்லா மடலும் முடியும். உங்களுக்கு நாங்கள் வேண்டுவது அதைவிடச் சின்னது, ஆனால் நாங்கள் உழைத்துத் தர வேண்டியது. நாளைக் காலை ஐந்து மணிக்கு உங்களுக்குப் பழக்கத்தில் விழிப்பு வரும். ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்க எழாதீர்கள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி தீர்ந்து, மூச்சு சீராகி, கணவரோடும் பேரப்பிள்ளைகளோடும் நெடுங்காலம் நலமாயிருங்கள். என்றாவது பிள்ளைகளோடு இந்த மலைக்கு வந்தால், பலகையை மட்டும் படித்துவிட்டு ஏறுங்கள். அதில் இருப்பது கண்டு எழுதியதாகவே இருக்கும்.

ஒன்றாம் தேதி காலையில் யார் போகிறார்கள் என்று கேட்டீர்கள். கையொப்பங்களை அந்த வரிசையிலேயே இடுகிறோம். நாளை என்ன கிழமையோ, அந்தக் கிழமைக்காரர் ஐந்தரைக்கு வாயிலில் நிற்பார்.

திங்கள்: தொலைபேசி அறை ஊழியர், இம்மடலை வரைந்தவர்

செவ்வாய்: பனி தள்ளும் வண்டி ஓட்டுநர் (மூட்டைகள் இன்றி)

புதன்: வாயிற்காவலர் இருவர்

வியாழன்: மெக்கானிக்

வெள்ளி: நுழைவுச்சீட்டு முகப்புச் சகோதரிகள் இருவர்

சனி: சாலைப் பணியாளர் நால்வர்

ஞாயிறு: இவ்விடம் இயக்குநர் அவர்களுக்காக விடப்பட்டிருக்கிறது. பேனா மேடையில் இருக்கிறது.